குளத்து மீனின் சேற்று மணம்: பிடிக்காத உணவு பிடித்துப்போவது எப்படி?

1996ஆம் ஆண்டில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. மல்லாவியில் உறவுக்காரர் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டுக் குடியேறிய முதல் வாரத்திலேயே, வவுனிக்குளத்தில் பிடித்த மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து ஒருவர் விற்றுப் போனார். கரையோரத்தில் பிறந்து, விளைமீனும் ஒட்டியும் பாரையும் தின்று வளர்ந்த எங்களுக்கு அந்தக் கறியின் முதற்கவளமே தொண்டையில் நின்றது. சேறு மணக்கிறது என்று சொல்லித் தட்டுகளைத் தள்ளிவைத்தோம். வளவுக்காரப் பெரியம்மா கோபிக்கவில்லை. "பழகினாப் பிறகு உங்களுக்குக் கடல் மீன்தான் வெடுக்கடிக்கும், பிள்ளையள்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னது பாதிதான் பலித்தது. கடல் மீன் இன்றைக்கும் எனக்கு வெடுக்கடிப்பதில்லை. ஆனால் நல்ல விரால் கிடைக்கும் நாளில் பாரையை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதைப் பழக்கம் என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 2009இல், போரில் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வாழ்ந்த பின்னர் அந்த விளக்கம் போதவில்லை. அங்கே நிவாரணமாகக் கிடைத்த மைசூர்ப் பருப்பை நாள்தோறும் உண்டோம். குளத்து மீனைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக அதனோடு பழகினோம். முடிவில் பருப்பு எங்களுக்கு வெறுத்துப்போயிற்று. ஒரு பழக்கம் வெறுப்பை விருப்பமாக்கியது. மற்றொரு பழக்கம் விருப்பத்தை வெறுப்பாக்கியது. அப்படியானால் ஓர் உணவை எத்தனை தரம் உண்கிறோம் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்த நிலையில், யாருடைய விருப்பத்தின்பேரில், எவ்வளவு இடைவெளி விட்டு உண்கிறோம் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மீனையே எடுத்துக்கொள்வோம். சேற்று மணம் என்று நாம் சொல்வது, மீன் சேற்றில் புரண்டதால் மேலே ஒட்டிக்கொண்ட மணம் அன்று. கழுவினால் அது போகாததற்கும் அதுவே காரணம். குளத்து நீரிலும் அடிமண்ணிலும் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும், அக்டினோமைசீற்று எனப்படும் வகைப் பற்றீரியாக்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. 1965இல் அதற்கு இடப்பட்ட அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் மண் மணம் என்பதே பொருள். மீன் அதனைப் பூ எனப்படும் செவுள்களின் வழியாக உள்வாங்கித் தன் கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி, நீர் சூடேறிப் பாசி பெருகும்போது மணம் கூடுவதும், மழைக்குப் பின் குளம் நிரம்பியதும் குறைவதும் இதனால்தான். ஒரு இலட்சம் கோடிப் பங்கு நீரில் சில பங்கு ஜியோஸ்மின் கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். இவ்வளவு நுட்பமாக நாம் உணரும் மணங்கள் மிகச் சிலவே.

இதே ஜியோஸ்மின்தான், மாதக்கணக்காகக் காய்ந்து வெடித்துக் கிடந்த வன்னி மண்ணில் ஐப்பசியின் முதல் மழை விழும்போது எழும் மண் வாசனைக்கும் பெரிய காரணம். விதைப்புக்குக் காத்திருக்கும் கமக்காரருக்கு அதைவிட இனிய மணம் வேறில்லை. மழையோடு வந்தால் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளும் அதே மணத்தைக் கறியில் கண்டதும் மூக்கைப் பொத்துகிறோம். மூக்கின் வேலை இரண்டிடத்திலும் ஒன்றே. மீன் என்றால் இப்படித்தான் மணக்க வேண்டும் என்று கடற்கரையில் நாம் கற்றுக்கொண்டு வந்த எதிர்பார்ப்புத்தான் இடையில் நிற்கிறது. உணவின்மீதான வெறுப்புகள் பலவற்றை நெருங்கிப் பார்த்தால் இத்தகைய ஓர் எதிர்பார்ப்பு முறிந்திருப்பதைக் காணலாம்.

ஆனால் நாங்கள் மீனை விரும்பத் தொடங்கியதற்கு எங்கள் மனமாற்றம் மட்டும் காரணமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் நாக்குத் திருந்துவதற்கு முன்னரே அம்மாவின் கைப்பக்குவம் திருந்திவிட்டது. முதல் நாள் அவர் அந்த மீனைக் கடல் மீன்போல எண்ணித் தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைச் சொதியாக வைத்திருந்தார். சேற்று மணத்தை மறைக்க அதில் எதுவுமில்லை. பெரியம்மாவோ துண்டுகளுக்கு உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் பூசி ஊறவைத்துக் கழுவுவார். பிறகு பழப்புளியைக் கட்டியாகக் கரைத்து, உள்ளியும் வெந்தயமும் தூளும் தாராளமாகப் போட்டு வற்றவைப்பார். ஜியோஸ்மின் அமிலத்தோடு சேரும்போது சிதைந்து மணமற்ற வேறொரு பொருளாக மாறுகிறது என்பது வேதியியலாளர் கண்டது. விராலை உயிரோடு வாங்கி நல்ல தண்ணீரில் சில நாள் விட்டுவைக்கும் வழக்கமும் வீணானதன்று; தூய நீரில் இருக்கும் மீனின் உடலிலிருந்து அந்த மணம் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். ஓர் உணவு பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுமுன், அதைச் சமைக்கத் தெரிந்தவரின் கையால் ஒருமுறை உண்டு பார்த்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. (எங்கள் பக்கத்தில் பலர் ஜப்பான் மீன் என்று அழைக்கும் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது, அதன் பிறப்பிடம் ஆபிரிக்கா. இன்றைக்குக் குளத்து மீன் என்றதும் நினைவுக்கு வருவதே அதுதான் என்றாகிவிட்டது.)

சுவை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நாக்குக்குரிய பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றையும், இறைச்சிச் சாறு போன்றவற்றில் உணரப்படும் உமாமியையும் நாக்கு அறியும். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை, மெல்லும்போது வாயின் பின்புறத்தால் மூக்குக்கு ஏறும் மணங்களின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மாம்பழத்தை உண்டால் புளிப்புக் கலந்த இனிப்பு மட்டுமே மிஞ்சும். கறுத்தக்கொழும்பானா வெள்ளைக்கொழும்பானா என்று சொல்ல முடியாது. நாக்கின் விருப்பு வெறுப்புகள் பெரும்பாலும் பிறவியில் அமைந்தவை: பிறந்த குழந்தை இனிப்புக்கு முகம் மலர்கிறது, கைப்புக்கு முகம் சுளிக்கிறது. மணங்களின் மீதான விருப்பமோ பெரும்பாலும் வாழ்ந்து கற்றுக்கொள்வது. அதனால் மணத்தால் வெறுத்த உணவைப் பழகிக்கொள்வது, கைப்பால் வெறுத்த உணவைப் பழகிக்கொள்வதைவிட எளிது என்பது என் அனுபவம்.

கைப்புக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு என்பதற்கு விடை காட்டில் இருக்கிறது. தாவரங்கள் தம்மைத் தின்னவரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ள உண்டாக்கும் நச்சுப் பொருள்களிற் பல கைப்பானவை; அவற்றை இனங்காண மனித நாக்கில் ஏறக்குறைய 25 வகைக் கைப்பு வாங்கிகள் (சுவையை உணரும் புரதங்கள்) அமைந்துள்ளன. எல்லோருக்கும் அவை ஒரே அளவில் வேலை செய்வதில்லை. 1931இல் ஆர்தர் பொக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில் பறந்த ஒரு தூள் அவருடைய தோழருக்குக் கடுங்கைப்பாகவும் அவருக்குச் சுவையற்றதாகவும் இருந்ததிலிருந்து இந்த வேறுபாடு தெரியவந்தது. அது பரம்பரையாக வருவது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆகவே ஒரே பந்தியில் ஒரே பாவற்காய்க் கறியை உண்ணும் அண்ணனும் தம்பியும் ஒரே சுவையை உணர்கிறார்கள் என்று சொல்ல முடியாது. இது தெரிந்திருந்தால் பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் சற்றுக் குறைவாகத் திட்டுவார்கள்.

பாவற்காயை அரிந்து உப்புப் பிசறிப் பிழிந்தெடுப்பதும், பொரித்துத் தேங்காய்ப்பாலில் போடுவதும், அதற்குச் சிறிது சீனி தூவுவதும் கைப்பை நாக்குக்கு எட்டாமல் செய்யும் வழிகள். உப்பு வெறுமனே நீரை இழுத்து வெளியேற்றுவதோடு நிற்பதில்லை. நாக்கில் கைப்புணர்வையே தணிக்கிறது என்றும், அதனால் மறைந்து கிடந்த பிற சுவைகள் மேலெழுகின்றன என்றும் பிரெஸ்லின், போஷம்ப் என்ற ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். பனங்காயிலும் இதே நுணுக்கம் உண்டு. பனங்களியின் கைப்புக்கு பிளேபலிபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருள் காரணம். அது மரத்துக்கு மரம் வேறுபடும் என்பதால், எந்தப் பனையின் பழம் பணியாரத்துக்கு ஆகும் என்று வளவுக்காரர் அறிந்து வைத்திருப்பார்கள். ஒடியல் மாவை ஊறவைத்து நீரை வடித்த பின்னரே கூழுக்கு எடுப்பதும் கைப்பகற்றத்தான். இருந்தும் ஒரு சிறு கைப்பு எஞ்சி நிற்கும். மீனும் நண்டும் பழப்புளியும் செத்தல் மிளகாயும் கூடிய கூழில் அந்த எச்சக் கைப்பு இல்லாவிட்டால், கூழ் குடித்துப் பழகியவர் ஏதோ குறைகிறது என்பார். முன்பு குறையாக இருந்தது ஒருநாள் அந்த உணவின் அடையாளமாக மாறிவிடுகிறது. வேப்பம்பூ வடகமும் அப்படித்தான்.

இந்த மாற்றம் எத்தனை தரத்தில் நிகழ்கிறது? அடிக்கடி எதிர்ப்படும் பொருளின்மீது, வேறெந்தக் காரணமும் இல்லாமலே விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ரொபேட் சயோன்க் 1968இல் எழுதினார். உணவுக்கு இது பொருந்துமா என்பதை 1982இல் லியான் பேர்ச், டயான் மார்லின் ஆகிய இருவரும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். புதிய உணவுகளை 2 தரம் முதல் 20 தரம் வரை வெவ்வேறு எண்ணிக்கையில் கொடுத்தபோது, அதிக தரம் சுவைத்த உணவையே குழந்தைகள் கூடுதலாக விரும்பினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் மற்றொன்றையும் தெளிவாக்கின: பார்ப்பதும் மணப்பதும் போதாது, வாயில் பட வேண்டும். பொதுவாக எட்டுப் பத்துத் தரமாவது சுவைக்க வேண்டியிருக்கும். பெற்றோரோ இரண்டு மூன்று தரத்தில் பிள்ளைக்குப் பிடிக்காது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் குளத்து மீனைத் தின்னத் தொடங்கியது எத்தனையாவது தரத்தில் என்று எண்ணவில்லை. ஆனால் முதலில் குழம்பில் பிட்டைத் தொட்டு உண்டதும், பிறகு பொரித்த வாலை மட்டும் கடித்ததும், கடைசியாகத்தான் நடுத்துண்டுக்கு வந்ததும் நினைவிருக்கிறது.

பழக்கம் தொட்டிலுக்கும் முன்னரே தொடங்கிவிடுகிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மிளகும் சீரகமும் மல்லியும் மஞ்சளும் அரைத்து, உள்ளியைக் கைநிறையப் போட்டுச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பது எங்கள் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். தாய் உண்ட உள்ளியின் மணம் தாய்ப்பாலில் வருகிறது என்பதை மெனெல்லாவும் போஷம்பும் 1991இல் காட்டினார்கள். கருவுற்றிருந்த காலத்தில் அல்லது பால் கொடுத்த காலத்தில் தாயார் கரட் சாறு குடித்துவந்தால், குழந்தை பின்னர் கரட் சேர்ந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்கிறது என்று மெனெல்லாவின் குழுவினர் 2001இல் கண்டனர். சரக்குக் கறி தாயின் உடலைத் தேற்றுவதற்காக வந்தது. அது பிள்ளைக்கு உள்ளிச் சுவையை அறிமுகப்படுத்தும் முதற்பந்தியாகவும் இருந்திருக்கிறது.

உறைப்பு ஒரு தனிக் கதை. மிளகாயில் உள்ள கப்சைசின், சூட்டை அறியும் நரம்பு வாங்கியையே தூண்டுகிறது. அந்த வாங்கியை 1997இல் அடையாளங்கண்ட டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. எரிவை உணரும் நாக்கு அப்படியே இருக்க, எரிவு நம்மைக் கொல்லாது என்று தெரிந்துகொண்ட மனம் அதில் இன்பம் காண்கிறது என்பது உளவியலாளர் போல் ரொசினின் விளக்கம். மெக்சிக்கோவில் அவர் பார்த்த பிள்ளைகளை எவரும் மிளகாய் தின்னும்படி வற்புறுத்தவில்லை. பெரியவர்கள் விரும்பி உண்பதைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே அவர்கள் கைநீட்டினார்கள். தட்டில் இறைச்சிக் கறியை வைத்துக்கொண்டு கண்ணீர் வழிய உண்ணும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கதையும் இதுவே.

வற்புறுத்தல் எப்படி எதிர்விளைவு தருகிறது என்பதற்கு 2006இல் ஏமி கலோவேயும் பிறரும் செய்த சோதனை ஒன்று உண்டு. பாலர் வயதுப் பிள்ளைகளுக்கு இருவகைச் சூப்புகளைப் பல வாரங்கள் கொடுத்து, ஒன்றை மட்டும் முடிக்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்லாமல் விட்ட சூப்பையே பிள்ளைகள் அதிகமாகக் குடித்தார்கள். சொல்லிக் கொடுத்த சூப்பைப்பற்றி முறைப்பாடும் அதிகமாக வந்தது. பரிசு காட்டி உண்ண வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: கீரையை முடித்தால் ஐஸ்கிறீம் என்று சொல்லும்போது, கீரை ஒரு தண்டனை என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

இப்போது பருப்புக்கு வருவோம். மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தோம். அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்பவையே நிவாரணம். பசி ருசி அறியாது என்பது முதற்கிழமைகளுக்கு உண்மை. அதற்கப்பால் பசி இருக்கும்போதே ருசி கேட்கத் தொடங்கிவிடுகிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டோம். உயிர் தப்பி வந்தவருக்கு என்ன ருசி என்று எங்களை நாங்களே அதட்டிக்கொண்டோம். ஆனால் அது பேராசையன்று. எத்தியோப்பிய அகதிகள் வாழ்ந்த ஒரு முகாமில் ரோல்சும் டி வாலும் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஆறு மாதங்களாக ஒரே சில உணவுகளையே உண்டுவந்தவர்கள், அண்மையில் வந்தவர்களைவிட அவ்வுணவுகளைச் சுவை குறைந்தவையாக மதிப்பிட்டார்கள். புதிய உணவுகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. உண்ட உணவின்மீது மட்டும் விருப்பம் தேய்வது உடலின் இயல்பு. பலவகை உணவையும் நாடச் செய்வதற்காக அமைந்தது. நம்முடைய முன்னோர் பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்றது இந்த இயல்பைத்தான்.

சலிப்பைவிடக் கடுமையானது நோயோடு சேர்ந்த வெறுப்பு. 1955இல் ஜோன் கார்சியா, இனிப்பூட்டிய நீரைக் குடித்த எலிகளைக் கதிர்வீச்சால் நோயுறச் செய்தார். பின்னர் அவை அந்த நீரைத் தவிர்த்தன. ஒரே ஒருமுறை நேர்ந்தால் போதும், உண்டதற்கும் வாந்திக்கும் இடையில் மணிக்கணக்கான இடைவெளி இருந்தாலும் உடல் உணவையே குற்றவாளியாக்கும். முகாமில் வயிற்றோட்டம் கண்ட பலருக்குப் பருப்போடு அந்த நினைவும் பிணைந்துகொண்டது. தண்ணீரின் குற்றத்துக்குப் பருப்பு பழி சுமந்தது. இத்தகைய வெறுப்பை வாதத்தால் வெல்ல முடியாது. நீண்ட இடைவெளி விட்டு, வேறு வடிவத்தில், வேறு இடத்தில் திரும்பச் சந்திப்பது ஒன்றே பயன் தருகிறது.

எல்லா உணவையும் விரும்பப் பழகத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு இறாலைப் பழக்குவது ஆபத்தில் முடியும். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலை நினைந்து வீதியோரங்களில் வார்க்கப்படும் கஞ்சியில் அரிசியும் நீரும் உப்பும் மட்டுமே இருக்கும். அதை ருசிப்படுத்துவது எவருடைய நோக்கமுமன்று, ருசியில்லாமல் இருப்பதே அதன் பொருள்.

வெறுப்புக்கு நாக்கும் மூக்கும் மட்டுமல்ல, மதிப்பும் காரணமாகலாம் என்பதற்குக் குரக்கன் சான்று. சேனைப் பயிரான குரக்கனில் அவித்த பிட்டு, என் பாட்டியின் காலத்தில் நெல் கைகொடாத ஆண்டுகளின் உணவு. அமெரிக்கன் மா என்று கோதுமை மாவை அழைத்த தலைமுறைக்குப் பாண் நாகரிகமாகவும் குரக்கன் ஏழ்மையாகவும் தெரிந்தன. இன்று நீரிழிவு மருத்துவநிலையங்களில் அதே குரக்கனை உண்ணச் சொல்கிறார்கள். கிளிநொச்சிக் கடைகளில் அது விலையேறி விற்கிறது. கறுத்து வரட்சியாக இருக்கிறது என்று தள்ளியவர்களே இப்போது அதில் தனிமணம் காண்கிறார்கள். மா மாறவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: உப்புக் குறைந்த உணவைச் சில மாதங்கள் தொடர்ந்து உண்டவர்களுக்குப் பழைய அளவு உப்பு கரிக்கத் தொடங்கிவிடுகிறது என்று 1982இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சீனியில்லாத பிளேன்ரீயைப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக் குடிக்கத் தொடங்கி, துண்டைச் சிறிதாக்கிக்கொண்டே போனவர்களும் இதைச் சொல்வார்கள்.

முகாமை விட்டு வந்து பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் பருப்புக் கறி வைக்கப்படவில்லை. விருந்துக்குப் போன இடங்களில் அம்மா அதை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவார். எவரும் எதுவும் கேட்பதில்லை. பிறகு ஒரு மாரிகாலத்தில், வேலியோரத்தில் பசளி தழைத்திருந்தபோது, அதை ஆய்ந்து, ஒரு பிடி பருப்பைச் சேர்த்து அவித்து, பச்சை மிளகாயும் உள்ளியும் போட்டு முதற்பால் விட்டுக் கடைந்தார். பருப்பின் மஞ்சள் தெரியாதபடி பச்சையாக இருந்தது. இப்போது பசளி உள்ள மாதங்களில் அதைச் சமைக்கிறார். பருப்பைத் தனியாக மட்டும் இன்னும் அடுப்பில் வைப்பதில்லை.